சாயோ சொல்லாத சொல்

1

எனக்கு எழுபத்திரண்டு வயது. வளர்த்தது மூன்று பேர். அதில் இரண்டு பேர் என் வீட்டுக்காரரின் முதல் தாரத்துப் பிள்ளைகள். மூன்றாவது செல்வி, நான் பெற்றவள். நான் பெற்றது இன்னொன்றும் உண்டு. அவனை நான் வளர்க்கவில்லை. கல்வராயன் மலையில் அவன் அப்பன் வீட்டில் வளர்ந்தான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லி உங்களை அழ வைக்க எனக்கு விருப்பமில்லை. உங்களுக்குத் தெரிந்துபோயிற்று. என் பேத்தி யாழினிக்கு இன்னும் தெரியாது. அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஜப்பானுக்கு வந்து இந்த ஆனியோடு ஆறு வருடம் முடிகிறது. கள்ளக்குறிச்சியில் ஆண்டு மலர் போடுகிற வாத்தியார் செல்விக்குப் போன் செய்து, "வெளிநாட்டு வாழ்க்கைய பத்தி ஏதாவது எழுதிக் குடும்மா" என்று கேட்டார். அவளுக்கு அலுவலகமே சரியாக இருக்கிறது. நான் எழுதுகிறேன் என்றேன். "நீயாம்மா?" என்று ஒரு பார்வை பார்த்தாள். அரிசி ஆலைக் களத்தில் வேலை முடிந்த பிறகு நடந்த முதியோர் வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றவள் நான். ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் ஆகிறது. ஆகட்டும், எனக்கு என்ன அவசரம்? வாத்தியாரே, பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். எங்கள் பேர்களை மாற்றிப் போடுங்கள். விஷயத்தில் கை வைக்காதீர்கள்.

2

நாங்கள் இருப்பது டோக்கியோவின் கிழக்குப் பக்கம். ஆற்றை ஒட்டிய அடுக்குமாடியில் ஏழாவது மாடி. காலையில் செல்வியும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். யாழினி பள்ளிக்கூடம் போவாள். நான் குப்பையைப் பிரித்து வைப்பேன். எரிகிற குப்பைக்கு ஒரு நாள், பிளாஸ்டிக்குக்கு ஒரு நாள், பாட்டிலுக்கு ஒரு நாள். பாட்டில் என்றால் மூடி தனி, மேலே ஒட்டிய தாள் தனி. வந்த புதிதில் ஒரு தடவை நாள் மாற்றி வைத்துவிட்டேன். பையின் மேல் ஒரு சீட்டை ஒட்டி, எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அன்று முழுக்க அந்தப் பை வாசலில் என் பேரைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் தவறியதில்லை.

யாழினிக்குப் பதினாறு வயது. நாலு வயதில் இங்கே வந்தவள். அம்மா அப்பாவிடம் பாதித் தமிழ், தோழிகளிடம் ஜப்பானியம், கோபம் வந்தால் இங்கிலீஷ். என்னிடம் மட்டும் முழுக்க நம்மூர்ப் பேச்சு. என் வாயைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. முன்பெல்லாம் பள்ளியிலிருந்து வந்ததும் என் மடியில் பையை எறிவாள். இப்போது அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். "தட்டிட்டு வா ஆயா" என்று கதவுக்கு உள்ளே இருந்தே சொல்கிறாள். நான் பெற்ற மகள் வீட்டில் ஒரு கதவைத் தட்டிவிட்டு நிற்பேன் என்று நினைத்ததே இல்லை. நிற்கிறேன்.

அவளுக்கும் எனக்கும் நடுவில் மிச்சம் இருந்தது அந்தப் படக்கதை ஒன்றுதான். இங்கே அதற்கு மாங்கா என்று பேர். முதல் நாள் அந்தப் பேரைக் கேட்டதும் நான் உப்பும் மிளகாய்த்தூளும் எடுத்து வந்தேன் என்று செல்வி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

திங்கட்கிழமைதோறும் செங்கல் கனத்தில் ஒரு புத்தகம் கடைக்கு வரும். யாழினி வாங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தில் விரலை வைத்துக் கதை சொல்வாள். கதையின் பேரை நான் எழுதக் கூடாதாம். அனுமதி இல்லாமல் அவள் அதைத் தமிழில் மாற்றிப் போடுவது தப்பாம், யாராவது புகார் கொடுத்துவிடுவார்களாம். அதனால் கதையை மட்டும் சொல்கிறேன். மலை வழியாக உப்பு சுமந்து போகிற ஒரு கூட்டம். அதில் ரென் என்று ஒரு பிள்ளை. அவனுடைய அம்மா சாயோ. அவனுக்கு மூன்று வயதாக இருக்கும்போது அவள் காணாமல் போனாள். அவளைத் தேடித்தான் அவன் மலை மலையாகப் போகிறான். இருபது வருடத்துக்கு மேலாக இந்தக் கதை வந்துகொண்டிருக்கிறது. செல்விக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பு ஆரம்பித்த கதை. அந்தப் பிள்ளைக்கு இன்னும் பதினாலு வயது தாண்டவில்லை.

யாழினி அதைத் தமிழாக்கிப் போடும் குழுவில் சில நூறு பேர் இருக்கிறார்கள். சேலம், மதுரை, மலேசியா என்று பல ஊர். நம் பக்கத்து ஆட்களும் உண்டு. உளுந்தூர்பேட்டையில் ஓட்டல் வைத்திருக்கும் ஒருவர். திருநாவலூரில் நர்சு வேலை பார்க்கும் ஒரு பெண். அவர்களுடைய வயதில் பாதி கூட ஆகாத இவளை எல்லோரும் "அக்கா" என்கிறார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

3

சித்திரை மாதத்தில் ஒரு வாரம். புத்தகம் கடைக்கு வருவதற்கு மூன்று நாள் முன்பே அதன் பக்கங்கள் திருட்டுத்தனமாக இணையத்தில் வந்துவிட்டன. யாழினி அவற்றைத் தன் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டாள். நான் அறையைப் பெருக்கப் போனவள் பார்த்துவிட்டேன்.

எனக்கு அந்த எழுத்து தெரியாது. படம் தெரியும். முதலில் ஒரு பெண் சரிவில் நிற்கிறாள். பிறகு வீட்டுப் பக்கம் நெருங்கியிருக்கிறாள். பிறகு வாசலில் குனிந்து ஒரு பிள்ளையின் முகத்துக்கு நேராக முகம் வைத்திருக்கிறாள். கடைசியில் அந்தப் பிள்ளை அவள் இடுப்பில் இருக்கிறது. நான் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டேன். சாயோதான். வந்துவிட்டாள். உயிரோடு இருந்திருக்கிறாள். ரென் இப்போது இடுப்பில் வைக்கிற வயதில் இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

சாயங்காலம் யாழினி வந்ததும் சொன்னேன். "ஏண்டி, சாயோ வந்துட்டா பாத்தியா? புள்ளய தூக்கி இடுப்புல வச்சிக்கினா."

 அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆயா, நீ இந்தப் பக்கத்துல இருந்து படிச்சிருக்க. இத வலது பக்கத்துல ஆரம்பிச்சு இடது பக்கமா படிக்கணும். அவ வரல. ரென் சின்னப் புள்ளையா இருக்கும்போது எறக்கி வுட்டுட்டு போறா."

ஆறு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள்தான் நான். ஆனால் அவள் விரல் போன பக்கம் என் கண் போனதே தவிர, எந்தப் பக்கத்திலிருந்து போகிறது என்று நான் கவனித்ததில்லை. தனியாகப் பார்த்த அன்று நம் வழக்கப்படி பார்த்துவிட்டேன். அவள் விரலை வைத்து மறுபடி காட்டினாள். இடுப்பில் பிள்ளை. பிறகு வாசலில் இறக்கிவிட்டுக் குனிகிறாள். பிறகு வீட்டிலிருந்து தள்ளி. பிறகு சரிவில், முதுகு காட்டிக்கொண்டு. அதே படங்கள்தான்.

"இன்னொரு தரம் சொல்லு ஆயா, நீ படிச்ச மாதிரியே" என்று போனை நீட்டினாள். நானும் வெகுளியாகச் சொன்னேன். அதைக் குழுவில் போட்டுவிட்டாள். அன்று முழுக்கச் சிரிப்புப் படங்களாக வந்தன. உளுந்தூர்பேட்டை ஓட்டல்காரர், "ஆயா படிச்ச கதைதான் சூப்பர், ஆயாவையே எழுதச் சொல்லுங்க" என்று எழுதியிருந்தார். யாழினி எனக்குப் படித்துக் காட்டினாள். நானும் சிரித்தேன். 

4

மறுநாள் சிரிப்பு நின்றுவிட்டது. இருபது வருடமாக எல்லோரும் சாயோவை யாரோ கொன்றுவிட்டார்கள் என்று நினைத்திருந்தார்கள். அவளாகவே போனாள் என்று இப்போது தெரிந்துவிட்டது. குழுவில் பெரிய சண்டை.

வாசலில் குனிகிற கட்டத்தில் சாயோவின் வாய்க்கு நேரே ஒரு முட்டை வட்டம் இருக்கிறது. பேச்சு எழுதுகிற இடம். யாழினி தமிழில் அங்கே "நீ எனக்கு வேண்டாம்" என்று எழுதியிருந்தாள். அதைப் படித்துத்தான் எல்லோருக்கும் அவ்வளவு கோபம்.

"பெத்த புள்ளைய பாத்து வேணாம்னு சொல்ற வாய்ல புழு வைக்கணும். ரென் அவ மூஞ்சில முழிக்கவே கூடாது" என்று ஓட்டல்காரர் எழுதினார்.

"நீங்க இட்லி வேகுதான்னு போய் பாருங்கண்ணா. ஒரு பொம்பள எதுக்கு போனான்னு முழுசா வர்றதுக்குள்ள தீர்ப்பு சொல்றீங்க" என்று திருநாவலூர் நர்சுப் பெண் எழுதினாள்.

"தீர்ப்ப அவளே சொல்லிட்டாளே, வேணாம்னு. இதுக்கு மேல இன்னா வேணும்?"

 அந்த ஒரு சொல் எல்லோருடைய வாயையும் அடைத்துவிட்டது.

திங்கட்கிழமை கடைக்குப் புத்தகம் வந்தது. யாழினி வாங்கிவந்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.  நான் எட்டிப் பார்த்தேன். அந்த வட்டத்துக்குள் எழுத்தே இல்லை. ஆறு புள்ளி வைத்திருந்தது. கோலத்துக்கு வைப்பது போல ஒரே வரிசையில் ஆறு புள்ளி.

"இதுல வேணாம்னு எங்கடி இருக்குது?"

"இல்ல ஆயா. திருட்டுப் பக்கத்துல இங்கிலீஷ்காரங்க எழுதி வச்சிருந்தாங்க. அடியில ஜப்பான் எழுத்து தெரியல. நான் சீக்கிரம் போடணும்னு அதையே தமிழ்ல போட்டுட்டேன்."

"அப்ப எடுத்துடு."

அவள் எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் யோசித்தாள். பிறகு சொன்னாள், "எடுக்க வேணாம் ஆயா. சொல்லலன்னா இன்னா? புள்ளைய வுட்டுட்டு போனாளா இல்லியா? புள்ளிக்கு அதான் அர்த்தம். வேணாம்னு தான் அர்த்தம்."

"அவ சொல்லலியே."

"சொல்லணுமா? அப்படிப்பட்டவ அம்மாவே இல்ல. செத்துட்டான்னே வச்சிருக்கலாம் கதைய எழுதினவரு. அது நல்லா இருந்திருக்கும்."

நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். கீரையை அலசினேன். ஏற்கெனவே அலசி வைத்திருந்த கீரை.

5

எங்கள் ஊர் வெள்ளிமலைக்கும் அப்பால். அப்போது பஸ் கிடையாது. கச்சிராயபாளையத்துக்கு இறங்க வேண்டுமென்றால் கால்நடைதான். பதினாறில் எனக்குக் கல்யாணம் செய்தார்கள். பதினெட்டில் வெள்ளையன் பிறந்தான். இருபத்தொன்றில் நான் அந்த வீட்டைவிட்டு இறங்கிவிட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அவர் அடித்தார் என்று எழுதினால் உங்களுக்கு என்மேல் இரக்கம் வரும். அவர் அடிக்கவில்லை. குடிக்கவும் இல்லை. சாமை விதைத்தார், அறுத்தார், சாப்பிட்டார், தூங்கினார். நான் அந்த வீட்டில் இருந்ததை அவர் ஒரு நாளும் கவனித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. என்னால் இருக்க முடியவில்லை. இதுதான் காரணம். ஐம்பது வருடமாக இதைவிடப் பெரிய காரணம் ஒன்று கிடைக்குமா என்று தேடிப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை.

கட்டியவனை அறுத்துக்கொண்டு போவது எங்கள் ஊரில் அன்று குற்றம் இல்லை. பெரியவர்கள் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்பார்கள். சரி என்றால் பெண் போகலாம், வேறு இடத்தில் வாழலாம், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் பிள்ளை அப்பன் வீட்டுக் குடி. அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இது எனக்கு அன்று புதிதாகச் சொன்ன சட்டம் இல்லை. பிறந்ததிலிருந்து தெரிந்த சட்டம். தெரிந்தேதான் பெரியவர்கள் முன்னால் தலையாட்டினேன்.

கிளம்பிய காலை அவன் வாசல் பாறையில் உட்கார்ந்து வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தான். கன்னமெல்லாம் கிழங்கு. நான் எதிரே போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தான். என்ன சொல்வது? போய்ட்டு வரேன் என்றால் பொய். போறேன் என்று வாய் வராது, எந்தப் பெண்ணுக்கும் வராது. கிழங்கை எனக்கு ஒரு துண்டு நீட்டினான். வாங்கிக்கொண்டேன். ஒன்றும் சொல்லவில்லை. இறங்கிவிட்டேன்.

அவ்வளவுதான் நடந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. மாமியார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தார்.

கள்ளக்குறிச்சி அரிசி ஆலையில் களத்து வேலை கிடைத்தது. மூன்று வருடம் கழித்து அங்கேயே பாய்லர் வேலை செய்த நைனார்பாளையத்துக்காரர் என்னைக் கேட்டார். மனைவி இறந்து, ஐந்து வயதும் இரண்டு வயதுமாக இரண்டு பிள்ளைகள். சரி என்றேன். அந்த இரண்டு பேரையும் நான் எப்படி வளர்த்தேன் என்று இன்று குவைத்திலும் மலேசியாவிலும் இருக்கிற அவர்களையே கேளுங்கள். "எங்கம்மா மாதிரி உண்டா" என்பார்கள். அதைக் கேட்கிறபோதெல்லாம் நெஞ்சு நிமிரும். அடுத்த நிமிடமே, மலையில் ஒருத்தன் இதைக் கேட்டால் என்ன நினைப்பான் என்று வரும். இரண்டும் சேர்ந்துதான் வரும், தனித்தனியாக வந்ததே இல்லை.

6

வெள்ளையனை அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன்.

அவனுக்கு இருபது வயது இருக்கும். பலாப்பழம் ஏற்றிக்கொண்டு இரண்டு பேரோடு கள்ளக்குறிச்சிக்கு வந்தவன், விசாரித்துக்கொண்டு ஆலைக்கு வந்துவிட்டான். உச்சி வெயில். நான் அவித்த நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தேன். செல்விக்குப் பதினோரு வயது. சாப்பாடு கொண்டு வந்தவள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீதான சின்னப்பொண்ணு?" என்று என் பேரைச் சொல்லிக் கேட்டான்.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவன் அப்பனுடைய நெற்றி, என்னுடைய வாய்.

"என்ன வேணாம்னு சொல்லிட்டு போனியாமே. எங்க ஆயா சொல்லுச்சு. நெசமா?"

களத்தில் இருந்த எல்லாப் பெண்களும் நின்றுவிட்டார்கள். மேஸ்திரி கூட. இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். "இல்லடா, நான் ஒண்ணும் சொல்லல." இத்தனை பேர் முன்னால் நிற்க வைத்துக் கேட்கிறானே, நான் என்ன குற்றவாளியா என்று ஒரு வீம்பு வந்துவிட்டது. பத்து வருடத்துக்கு மேல் அந்தக் களத்தில் தலை குனியாமல் நின்றவள் நான். அவன் முன்னாலும் குனியவில்லை. வாயைத் திறக்கவும் இல்லை.

அவன் காத்திருந்தான். நெல்லை ஒரு சால் கிளறி முடிக்கிற நேரம் காத்திருந்தான். பிறகு தலையை ஆட்டிக்கொண்டான். கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்ட மாதிரி ஆட்டிக்கொண்டான். போய்விட்டான்.

"அது ஆரும்மா?" என்று செல்வி கேட்டாள்.

"மலைக்காரப் பையன். வேலை கேட்டு வந்தான்" என்றேன்.

என் மாமியார் ஒரு சொல்லை என் வாயில் வைத்தார். அதை அவனுக்கு உறுதி செய்தது நான்தான். மாமியாரை நான் திட்ட முடியாது.

7

போன மாதம் என் விசா நீட்டிப்புக்காகச் செல்வியோடு அலுவலகத்துக்குப் போனேன். ஒவ்வொரு வருடமும் போகிறோம். சீட்டு எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும், எண்ணைக் கூப்பிடுவார்கள். நான் ஜப்பானிய எண்களில் ஐம்பது வரை மனப்பாடமாக வைத்திருக்கிறேன். எங்களுக்கு வந்தது அறுபத்து மூன்று.

தாளில் பிள்ளைகள் விவரத்துக்கு நாலு வரி இருந்தது. பேர், வயது, எந்த நாடு. செல்வி மூன்று வரி நிரப்பியிருந்தாள். குவைத், மலேசியா, ஜப்பான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையானவர். நாலாவது வரியில் பேனாவின் பின்பக்கத்தை வைத்துச் செல்வியிடம் ஏதோ கேட்டார். அவள் "இமாசென்" என்றாள்.

அந்தச் சொல் எனக்குத் தெரியும். கதவைத் தட்டிப் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்கள். ஆள் இல்லை என்று அர்த்தம்.

செல்விக்கு எல்லாம் தெரியும். அவள் அப்பா இறந்தபோது உறவுக்காரர்கள் பேச்சிலிருந்து தெரிந்துகொண்டாள். என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை. ரயிலில் திரும்பும்போது மெதுவாகச் சொன்னாள்.

"அங்க ஒரு புள்ள இருக்குதுன்னு எழுதினா, அவன் பாத்துக்கட்டும்னு உன்ன அனுப்பிடுவாங்கம்மா."

"தெரியும்."

"வேற இன்னா பண்ண சொல்ற?"

"ஒண்ணும் சொல்லல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் இங்கே இருக்க வேண்டுமென்றால் அவன் அங்கே இல்லாமல் இருக்க வேண்டும். ஏழாவது மாடியில் எனக்கு ஒரு கட்டில், மேலே ஒரு ஏசி. அவனுக்கு இப்போது ஐம்பத்து நாலு. பேரன் எடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அந்தத் தாளில் அவன் பிறக்கவே இல்லை.

இதை அச்சில் பார்த்தால் செல்விக்குக் கோபம் வரும். வரட்டும். அவளிடம் பேசிக்கொள்கிறேன்.

8

அன்று கீரை அலசியதிலிருந்து திங்கட்கிழமை கதைக்கு நான் உட்காரவில்லை. முதல் வாரம் யாழினி கவனிக்கவில்லை. இரண்டாவது வாரம் புத்தகத்தோடு சமையலறைக்கே வந்தாள்.

"இன்னா ஆயா, பொம்மைக் கதைக்காவ எங்கிட்ட கோவமா?"

"கோவம் இல்ல. அந்தச் சொல்ல எடு."

"அய்ய, இன்னும் அதையே புடிச்சிக்கினு இருக்கியா? எங்க குரூப்ல கூட வுட்டுட்டாங்க. இப்ப ரென் பாலத்துகிட்ட வந்துட்டான். அந்தப் பக்கம் சாயோ. திரும்பிப் பாப்பானா, பாக்காம போயிடுவானான்னு அடுத்த வாரம் தெரியும். ஓட்டு போட்டுக்கினு இருக்காங்க. பாக்காம போறதுக்குத்தான் ஜாஸ்தி."

"உன் ஓட்டு?"

"பாக்காம போறதுக்கு."

"அந்தச் சொல்லு இல்லன்னா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்கிற பெண் இல்லை. "தெரியல ஆயா. கம்மியா கோவம் வந்திருக்கும். ஆனா இப்ப போய் எடுத்தா, மூணு வாரமா நான் தப்பா சொல்லிக்கினு இருந்தேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். எல்லாரும் என்ன நம்பித்தான் படிக்கிறாங்க."

"அதனாலதான் எடுக்கச் சொல்றேன்."

அவள் புத்தகத்தை மூடினாள். என் முகத்தையே பார்த்தாள். கொஞ்ச நாளாக அப்படி அவள் என்னைப் பார்க்கவில்லை.

"உனக்கு எதுக்கு ஆயா இவ்ளோ முக்கியம்? ஒரே ஒரு காரணம் சொல்லு. நெசமான காரணம். எடுத்துடறேன்."

நான் வாயைத் திறந்தேன். இருபது வயதுப் பிள்ளை களத்தில் நின்று கேட்டபோது எப்படி இருந்ததோ அப்படியே நாக்கு ஒட்டிக்கொண்டது. எழுபத்திரண்டு வயதிலும் அந்த வீம்பு போகவில்லை. இது வீம்புகூட இல்லை, பயம். "அம்மாவே இல்ல" என்று அவள் சொன்னது என் காதில் இருக்கிறது. இந்த வீட்டில் நான் எதற்குக் கதவைத் தட்டிவிட்டு நிற்கிறேன்? அவள் திறப்பாள் என்றுதான்.

"சொல்லு ஆயா."

"எழுதித் தரேன்" என்றேன்.

"எழுதியா?" என்று சிரிக்கப் போனாள். என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "சரி, எழுது. நான் வெயிட் பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்கவில்லை.

இது பதினெட்டாவது நாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இத்தனை நாளில் ஒரு தடவைகூட நோட்டை எட்டிப் பார்க்கவும் இல்லை.

9

வாத்தியாரே, இதற்கு மேல் இருப்பது உங்களுக்கு எழுதியது இல்லை. போட வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளுங்கள்.

யாழினி, நீ கேட்ட காரணம் இதுதான். பெரிய காரணம் இல்லை. சாயோ என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது. அவள் வேண்டாம் என்றுகூட நினைத்திருக்கலாம். அவளுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அவளை நீ திட்டு. என்னையும் திட்டு, நான் போனது நிஜம். பிள்ளை பாறையில் உட்கார்ந்திருந்தது நிஜம். ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. ஐம்பது வருடமாக ஒருவன் அதை நான் சொன்னதாக நினைத்துக்கொண்டு மலையில் உயிரோடு இருக்கிறான். அவனிடம் போய் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனில் சொல்லவும் வரவில்லை. உன்னிடம் எழுத மட்டும் வந்திருக்கிறது.

அவன் உனக்கு மாமா முறை. வெள்ளையன் மாமா. அந்தப் பேரை நம் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இதைப் படிக்கும்போது நீதான் முதலில் சொல்லப்போகிறாய்.

இப்போது நோட்டோடு உன் கதவுக்கு வெளியே நிற்கிறேன். தட்டிவிட்டுத்தான் வருவேன். உட்கார்ந்து எனக்கு இதைப் படித்துக் காட்டு. மனசுக்குள் படிக்காதே, சத்தமாகப் படி. நான் எழுதியது நான் நினைத்த மாதிரிதான் இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். பிழை இருந்தால் அங்கேயே திருத்து. நடுவில் உன்னால் படிக்க முடியாமல் போனால் நிறுத்திக்கொள். என்ன சொல்வது என்று தெரியவில்லை என்றால் ஒன்றும் சொல்ல வேண்டாம், எழுந்து போக வேண்டும் என்றால் போ. நீ பேசாமல் இருக்கிற இடத்தில் நான் எந்தச் சொல்லையும் வைத்துக்கொள்ள மாட்டேன்.

படிம்மா.